பிளக் ஏன் சுடுகிறது?

“கேத்தல் சுடுறது சரி தம்பி. பிளக் ஏன் சுடுது?”

மன்னார் தீவின் பேசாலையில் தேத்தண்ணிக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் கேட்டது இது. அவருக்கு இன்னொரு குறையும் இருந்தது. சுவரோரம் இருந்த கரண்ட் கேத்தலை வாசல்பக்க மேசைக்குக் கொண்டுவந்து, 30 மீற்றர் எக்ஸ்டென்சன் வயரில் கொழுவிய நாள்தொட்டுத் தண்ணீர் கொதிக்கச் சுணங்குகிறதாம். கேத்தல் பழுதாகிவிட்டது, புதுசு வாங்கவேண்டும் என்று முடிவே கட்டியிருந்தார். கேத்தலில் ஒரு பழுதும் இல்லை. பிளக் சுடுவதும் தண்ணீர் சுணங்குவதும் ஒரே காரணத்தால் வந்தவை. அவர் ஊற்றித் தந்த வெறுந்தேத்தண்ணியைக் குடித்தபடி அவருக்குச் சொன்னதை, கொஞ்சம் கணக்குச் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஓமின் விதியைப் பாடமாக்கிப் பரீட்சை எழுதிவிட்டு அத்தோடு மறந்துபோனவர்களுக்கும் இது உதவும்.

முதலில் கரண்ட் என்றால் என்னவென்று பார்ப்போம். செம்புக் கம்பிக்குள்ளே செம்பு அணுக்கள் வரிசை குலையாமல் நிற்கின்றன. ஆனால் ஒவ்வொரு அணுவும் தன் இலத்திரன்களில் ஒன்றைத் தன்னோடு கட்டிவைக்காமல் பொதுவில் விட்டிருக்கிறது. ஒரு கன மில்லிமீற்றர் செம்பில் மட்டும் இப்படி அலைகிற இலத்திரன்கள் சுமார் எட்டரை இலட்சம் கோடி கோடி. வயரை எதிலும் கொழுவாமல் சுருட்டி மூலையில் போட்டிருக்கும்போதும் அவை ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எல்லாத் திசையிலும் ஓடுவதால் மொத்தத்தில் எங்கும் போய்ச் சேர்வதில்லை. கம்பியின் இரண்டு முனைகளுக்கும் இடையில் வோல்ட் வித்தியாசம் வந்ததும், அந்த அலைச்சல் ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்கிறது. அந்தச் சாய்வுதான் கரண்ட். ஒரு செக்கனில் சுமார் 62,400 கோடி கோடி இலத்திரன்கள் ஓரிடத்தைக் கடந்தால் அது ஒரு அம்பியர்.

சுவிட்சைப் போட்டதும் மின்குமிழ் எரிகிறதே, இலத்திரன் அவ்வளவு வேகமாகவா ஓடுகிறது என்று பலர் கேட்பார்கள். இல்லை. ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள செம்புக் கம்பியில் ஒரு அம்பியர் ஓடும்போது, இலத்திரன் கூட்டம் முன்னேறுவது செக்கனுக்கு 0.07 மில்லிமீற்றர்தான். ஒரு மணித்தியாலத்தில் ஒரு சாணுக்குச் சற்றுமேல். ஓகஸ்ட் 15இல் மடுமாதாவின் சுருபப் பவனியைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கோயில் வளவு முழுக்கச் சனம் நெருக்கி நிற்கையில், முன்னால் உள்ளவர் ஓர் அடி வைத்தால் பின்னால் நிற்பவரும் அடுத்த கணமே அசைகிறார். ஆனால் அந்த நெரிசலில் ஒருவர் வளவைக் கடந்து வெளியே வர வெகுநேரமாகும். கம்பி முழுக்க இலத்திரன் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. பரவுவது தள்ளல்தான், அது ஒளியின் வேகத்தை நெருங்கிய வேகத்தில் பரவுகிறது.

அதுவும் நம் வீட்டுக் கரண்ட் ஒரே பக்கமாக ஓடுவதில்லை. செக்கனுக்கு 50 தரம் போய்த் திரும்புகிறது. அந்த அக்காவின் கேத்தல் வயரில் இலத்திரன் ஆடுகிற தூரம் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குகூட இல்லை. மின்நிலையத்திலிருந்து புறப்பட்ட இலத்திரன் எதுவும் கேத்தலுக்கு வந்து சேர்வதில்லை. மாதாமாதம் நாம் பில் கட்டுவது, நம் வயரில் ஏற்கெனவே கிடக்கிற இலத்திரனை ஆட்டிவிடும் சக்திக்கு.

இனித் தடை. செம்பு அணுக்கள் நின்ற இடத்திலேயே வெப்பத்தால் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. அந்த அதிர்வும், செம்போடு கலந்துவிட்ட வேற்று அணுக்களும், வரிசையில் விழுந்த குறைகளும் இலத்திரனைத் திசைமாற்றிச் சிதறடிக்கின்றன. ஒவ்வொரு சிதறலிலும், வோல்ட் கொடுத்த சக்தியில் கொஞ்சத்தை இலத்திரன் அணுக்களிடம் விட்டுவிடுகிறது. அணுக்கள் இன்னும் கூடுதலாக அதிர்கின்றன. அதைத்தான் நம் கை சூடு என்று அறிகிறது. கம்பி சூடாகச் சூடாக அதிர்வு கூடுவதால் தடையும் ஏறும். செம்பில் ஒரு பாகை செல்சியசுக்குச் சுமார் 0.4 வீதம்.

இதை ஒழுங்காக அளந்து ஒரு விதிக்குள் கொண்டுவந்தவர் ஜோர்ஜ் சீமோன் ஓம். ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளிக்கூட ஆசிரியர். 1826இல் அவர் செய்த பரிசோதனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது. அந்தக் காலத்து மின்கலங்களை நம்ப முடியாது. அளந்துகொண்டிருக்கும்போதே அவற்றின் வலு இறங்கிவிடும். அதனால் அவர் பிஸ்மத்தையும் செம்பையும் பொருத்தி, ஒரு பொருத்தைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். இரண்டு வெவ்வேறு உலோகங்களின் பொருத்துகள் வேறு வேறு வெப்பநிலையில் இருந்தால் சிறிய வோல்ட் பிறக்கும். கொதிநீரும் பனிக்கட்டியும் வெப்பநிலை மாறாதவை. ஆகவே வோல்ட்டும் மாறாது. பிறகு ஒரே தடிப்புள்ள எட்டுச் செம்புக் கம்பிகளை எடுத்தார். மிகக் குட்டை 2 அங்குலம், மிக நீளம் 130 அங்குலம். ஒவ்வொன்றாக இணைத்து, தொங்கவிட்ட காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார். நீளம் கூடக் கூடக் கரண்ட் எந்தக் கணக்கில் குறைகிறது என்பது அந்த எண்களில் தெளிவாக நின்றது. 1827இல் அதைப் புத்தகமாகப் போட்டார். சொந்த நாட்டில் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் சிலரே. 1841இல் இலண்டன் ரோயல் சொசைட்டி கொப்லி பதக்கம் கொடுத்தது.

அவர் கண்டதை இன்றைக்கு இப்படிச் சொல்கிறோம்: வோல்ட்டைத் தடையால் வகுத்தால் கரண்ட். கம்பியின் தடையைத் தீர்மானிப்பவை மூன்று. நீளம் இரண்டு மடங்கானால் தடையும் இரண்டு மடங்கு. குறுக்குவெட்டு இரண்டு மடங்கானால் தடை பாதி. மூன்றாவது, கம்பி என்ன உலோகம் என்பது. செம்பைவிட வெள்ளி கொஞ்சம் திறம். அலுமினியத்தின் தடை அதே அளவுச் செம்பைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம், இரும்பு ஏறக்குறைய ஆறு மடங்கு. கேத்தலுக்குள் சூடேறும் நிக்குரோம் கம்பி அறுபது மடங்குக்கும் மேல். நிக்கலும் குரோமியமும் கலந்த அந்தக் கம்பி வேண்டுமென்றே தடை கூடியதாகச் செய்யப்பட்டது. சூடேறும்போது அதன்மேல் படியும் குரோமியம் ஒட்சைட்டுத் தோல் உள்ளே இருக்கும் உலோகத்தைக் காப்பதால், செந்தணலாகச் சிவந்தாலும் அது எரிந்துபோவதில்லை.

அக்காவின் கேத்தலுக்குக் கணக்குப் போடுவோம். அடியில் 230 வோல்ட், 2000 வாட் என்று எழுதியிருந்தது. அப்படியானால் கரண்ட் 8.7 அம்பியர், தடை 26.5 ஓம். அவர் வாங்கியிருந்த எக்ஸ்டென்சன் மலிவானது, உள்ளே 0.75 சதுர மில்லிமீற்றர் செம்பு. நீளம் 30 மீற்றர் என்றாலும் கரண்ட் போய்த் திரும்ப வேண்டும், ஆகவே 60 மீற்றர் கம்பி. அதன் தடை ஒன்றரை ஓம். கேத்தலின் 26.5 ஓமோடு இந்த ஒன்றரையும் வரிசையில் சேர்ந்துவிடுகிறது. கரண்ட் 8.2 அம்பியராக இறங்குகிறது. கேத்தலுக்குக் கிடைப்பது 1790 வாட் அளவுதான். ஒன்றரை லீற்றர் தண்ணீர் கொதிக்க முன்பைவிட அரை நிமிடத்துக்குக் கிட்டச் சுணங்கும். அதைவிட இன்னொரு 100 வாட் வயரின் நீளம் முழுக்கச் சூடாகப் போகிறது. வயர் நீட்டிக் கிடந்தால் அந்தச் சூடு காற்றோடு கலந்துவிடும். சுருட்டி ஒரு முளையில் மாட்டிவைத்தால் சூடு போக வழியில்லை. பிளாஸ்டிக் உறை இளகி ஒன்றோடொன்று ஒட்டும். இந்தத் தடிப்பு வயர் 6 அம்பியர் அளவுக்குத்தான் செய்தது. டிவி, சார்ஜர், மேசை விசிறிக்குப் போதும். கேத்தலுக்கு ஆகாது.

பிளக்கைப் பற்றித்தான் நான் நின்று சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். பித்தளை முள்ளின்மேல் பச்சை நிறத்தில் களிம்பு பிடித்திருந்தது. கடல் இருநூறு யாரில். சோளகக் காற்று உப்பை அள்ளிக்கொண்டுவந்து வீட்டுக்குள் எல்லாவற்றிலும் படிய வைக்கிறது, முற்றத்துக் கேற் மட்டுமா துருப்பிடிக்கும்? உள்ளே திருகாணி தளர்ந்திருந்தது. செம்பு நரம்புகளில் பாதி திருகாணிக்குள் போகவே இல்லை. சில முறிந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முள்ளைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் தவிட்டு நிறமாகி, கருகல் மணம் இருந்தது.

இரண்டு உலோகம் தொடுகிறது என்று நாம் சொல்வது கண்ணுக்குத் தெரிவதுதான். உண்மையில் மேற்பரப்பின் சிறு மேடுகள் சில இடங்களில் மட்டுமே முட்டுகின்றன. கரண்ட் முழுவதும் அந்தச் சில புள்ளிகளுக்குள் நெருக்கித்தான் போகவேண்டும். இறுக்கம் குறைந்தாலோ இடையில் களிம்பு படர்ந்தாலோ புள்ளிகள் இன்னும் குறையும். அங்கே அரை ஓம் தடை மட்டும் வந்துவிட்டது என்று வையுங்கள். வெப்பம் என்பது கரண்ட்டின் வர்க்கம் பெருக்கல் தடை. 8 அம்பியர் அளவில் அந்த அரை ஓமில் பிறப்பது 33 வாட். ரேடியோ திருத்துகிறவர் ஈயம் உருக்கும் சோல்டரிங் அயன் இதே 30 வாட் அளவுதான். வயரில் 100 வாட் 30 மீற்றருக்குப் பரந்து கிடந்தது. இங்கே 33 வாட் விரல்நுனி அளவு இடத்தில் குவிகிறது. சூடு ஏறினால் களிம்பு கூடும், பித்தளைச் சொருகியின் பிடி தளரும், தடை இன்னும் ஏறும், சூடு இன்னும் கூடும்.

“பிரேக்கர் இருக்குத்தானே, அது விழாதா?” என்று அக்கா கேட்டார். விழாது. பிரேக்கரும் பியூஸும் பார்ப்பது கரண்ட் அளவு மிஞ்சுகிறதா என்பதைத்தான். தளர்ந்த பொருத்து கரண்ட்டைக் கூட்டுவதில்லை; குறைக்கிறது. இதே வயரில் நல்ல பிளக் இருந்திருந்தால் 8.2 அம்பியர் ஓடியிருக்கும். எரிகிற பிளக்கில் 8.1தான் ஓடுகிறது. பிரேக்கரின் கணக்கில் எல்லாம் சுகமாகவே இருக்கிறது. இப்படி ஒரு கோளாறை முதலில் காட்டிக்கொடுப்பது கையில் தட்டும் சூடும் மூக்கில் ஏறும் மணமும்தான். பிளக் சுடுகிறது என்று கவனித்துக் கேட்டாரே, அந்தக் கவனம் கடையைக் காப்பாற்றியிருக்கிறது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

செய்யவேண்டியது சின்ன வேலை. நிறம் மாறிய பிளக்கைச் சுரண்டித் துடைத்துத் திரும்பப் போடக்கூடாது, வீசிவிட வேண்டும். வயரைப் பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டி, நரம்பு முழுவதையும் முறுக்கித் திருகாணிக்குள் விட்டு இறுக்கவேண்டும். முள் போகும் சொக்கெட்டும் பிடி தளர்ந்திருந்தால் அதையும் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் புதுப் பிளக்கும் ஒரு மாதத்தில் பழையதாகிவிடும். நீள வயர் இல்லாமல் முடியாது என்றால் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போடலாம். அதே தூரத்துக்குத் தடை 0.45 ஓம் அளவுதான் வரும். எனக்குக் கேட்டால், மேசைக்குப் பக்கத்தில் ஒரு நிரந்தரப் பொயின்ற் இழுப்பதே மேல்.

அவர் அடுத்துக் கேட்டதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. “முப்பது மீற்றரிலயே இவ்வளவு போகுதெண்டால், இந்தக் காத்தாடிக் கரண்ட் வவுனியா தாண்டிப் போகுதே, அவ்வளவு வயரிலயும் சூடாகி முடிஞ்சிடாதா?”

மன்னார் தீவின் தெற்குக் கரையோரம் வரிசையாக நிற்பவை ‘தம்பபவனி’யின் 30 காற்றாடிகள். 2020 டிசம்பர் 8இல் திறக்கப்பட்டது. ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5. காற்றாடிக்குள் பிறக்கும் மின்சாரம் 650 வோல்ட் அளவு. முழு வலுவில் சுழலும்போது ஒரு காற்றாடியின் மூன்று கம்பிகளிலும் தலா 3000 அம்பியருக்கு மேல் ஓடும். அதைத் தாங்கக் கை மொத்தத்துக்குச் செம்பு வேண்டும். ஆகவே அங்கேயே ஒரு மின்மாற்றி அதை 33,000 வோல்ட்டுக்கு ஏற்றுகிறது. கரண்ட் 60 அம்பியராக இறங்கிவிடுகிறது. வலு என்பது வோல்ட்டும் கரண்ட்டும் பெருக்கியது. ஒன்றை ஏற்றினால் மற்றது இறங்கும், பெருக்கம் மாறாது. பிறகு நடுக்குடா உபநிலையத்தில் 30 காற்றாடிகளின் மின்சாரமும் சேர்ந்து 2,20,000 வோல்ட்டுக்கு ஏறுகிறது. 103.5 மெகாவாட் முழுவதற்கும் கம்பி ஒன்றில் 272 அம்பியர். அந்த அக்காவின் கேத்தல் போல 31 கேத்தல்கள் இழுக்கும் கரண்ட், அவ்வளவே.

220 கிலோவோல்ட் வழிகளில் போடும் ‘ஸீப்ரா’ என்ற கம்பி, ஏழு உருக்கு நரம்புகளைச் சுற்றி 54 அலுமினிய நரம்புகள் முறுக்கியது. பாரத்தை உருக்குத் தாங்கும், கரண்ட்டை அலுமினியம் கொண்டுபோகும். செம்பை விட்டு அலுமினியத்தை எடுத்ததன் காரணம் எடை: ஒரே தடைக்குச் செம்பின் பாதி எடையே வரும், கோபுரங்களைத் தூரத் தூர நடலாம். இந்தக் கம்பியின் தடை கிலோமீற்றருக்கு 0.07 ஓம். 100 கிலோமீற்றருக்கு 7 ஓம். 272 அம்பியர் ஓடினால் மூன்று கம்பிகளிலும் சேர்த்துச் சூடாகப் போவது ஒன்றரை மெகாவாட், நூற்றுக்கு ஒன்றரை. அதே மின்சாரத்தை 33,000 வோல்ட்டிலேயே அனுப்பியிருந்தால் கரண்ட் 1800 அம்பியர். வர்க்கத்தில் ஏறுவதால் இழப்பு 44 மடங்கு, அதாவது 69 மெகாவாட். மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே போயிருக்கும். அதற்கு முன்பே கம்பி தாங்காமல் தொய்ந்து விழுந்திருக்கும். வானளாவிய கோபுரமும் நீண்ட பீங்கான் மின்காப்பி மாலைகளும் 2,20,000 வோல்ட்டும், கரண்ட்டை 272க்குள் வைத்திருக்கத்தான்.

உப்பு இந்தக் கோபுரங்களையும் விடுவதில்லை. ஆனால் அங்கே அது செய்வது பிளக்கில் செய்ததற்கு நேர் எதிர். பிளக்கில் உலோகத்தை அரித்துக் களிம்பாக்கித் தடையைக் கூட்டியது. கோபுரத்தில் மின்காப்பிகளின்மேல் படிந்த உப்பு, கோடையில் காய்ந்து கிடக்கும்வரை ஒன்றும் செய்யாது. விடியற்காலைப் பனியோ முதல் தூறலோ பட்டதும் கரைந்து, கரண்ட் போகக்கூடாத இடத்தில் ஒரு ஈரப் பாதையாகிவிடுகிறது. சரசரவென்ற சத்தமும் நீலப் பொறியும் அப்போது வரும்; முற்றினால் தீப்பாய்ந்து லைன் விழும். கொட்டித் தீர்க்கும் மழை நல்லது, அது உப்பைக் கழுவிவிடும். இந்த உப்புத் தொல்லைக்காகத்தான் கடலோர லைன்களுக்கு மின்காப்பிகளின் விளிம்புகளை அகலமாக, நீளமாகச் செய்கிறார்கள், கழுவியும் விடுகிறார்கள்.

மனிதத் தோலிலும் உப்பு இதையே செய்கிறது. காய்ந்த, தடித்த தோலின் தடை பல பத்தாயிரம் ஓம் வரை போகும். கடலிலிருந்து வந்த கை உப்புநீரில் ஊறியது. கையிலிருந்து கால்வரை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை ஆயிரத்தால் வகுத்தால் 230 மில்லிஅம்பியர். நெஞ்சைக் கடந்து போனால் அதில் ஒரு சிறு பங்கே உயிரை எடுக்கும். வலையைப் போட்டுவிட்டு ஈரக்கையோடு வந்து பம்பின் சுவிட்சைத் தட்டுகிறவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மீற்றருக்குப் பக்கத்தில் இருக்கும் ட்ரிப் சுவிட்ச் இதற்கென்றே உள்ளது. போகிற கரண்ட்டும் திரும்புகிற கரண்ட்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டிருக்கிறது. 30 மில்லிஅம்பியர் எங்காவது ஒழுகினால், ஒரு செக்கனில் மூன்றில் ஒரு பங்குக்குள் அறுத்துவிடும். சுடுகிற பிளக்கை அதுவும் அறியாது, அங்கே ஒழுக்கு எதுவும் இல்லை. லைவ், நியூட்ரல் இரண்டையும் ஒரேநேரத்தில் பிடித்த ஆளையும் அது அறியாது. ஆனால் ஈர நிலத்தில் நின்று லைவைத் தொட்டவரை அது காப்பாற்றும், உள்ளிருக்கும் பொறி உப்பில் இறுகிப்போகாமல் இருந்தால். அதன் முகப்பில் சிறிய பொத்தான் ஒன்று உண்டு. சில மாதத்துக்கொரு தரம் அதை அமத்திப் பார்க்கவேண்டும். அமத்தியதும் டக்கென்று விழவேண்டும். அக்காவின் கடையில் அமத்தினோம், விழவில்லை. பிளக்கை மாற்ற வந்த எலக்ட்ரீசியனிடமே அதையும் மாற்றித் தரச் சொல்லிவிட்டார்.